வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: போருக்குப் போன கார்ட்டூன்கள்

கேள்வி (திருச்சி வாசகர்): டொனால்ட் டக் வாத்து ஹிட்லருக்குக் கையுயர்த்தி வணக்கம் செலுத்தும் காட்சி ஒன்று என் கைபேசிக்கு வந்தது. டிஸ்னி நிறுவனம் நாஜிகளை ஆதரித்ததற்கு இதுவே சான்று என்று அதன்கீழ் எழுதியிருக்கிறார்கள். உண்மைதானா?

பதில்: உண்மை இதற்கு நேர்மாறானது. ஜாக் கின்னி இயக்கி, 1943 ஜனவரி முதல் தேதி வெளிவந்த 'டெர் ஃபியூரர்ஸ் ஃபேஸ்' என்ற டிஸ்னி குறும்படத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட காட்சி அது. நாஜிகளைப் பகடி செய்து, சிறந்த கார்ட்டூன் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்ற படம். அதில் நாஜி நாட்டின் குடியாக வரும் டொனால்ட், பூட்டி ஒளித்து வைத்திருக்கும் ஒரே ஒரு காப்பிக்கொட்டையை நீரில் முக்கி எடுத்துக் 'காப்பி' குடிக்கிறது; கட்டையாய்க் காய்ந்துபோன ரொட்டியை ரம்பத்தால் அறுக்கிறது; முட்டைக்கும் பன்றியிறைச்சிக்கும் பதிலாக அவற்றின் வாசனையை மட்டும் வாயில் பீய்ச்சிக்கொள்கிறது. பிறகு துப்பாக்கி முனையில் ஆயுதத் தொழிற்சாலைக்கு ஓட்டிச் செல்லப்பட்டு, ஓடிக்கொண்டே இருக்கும் பட்டையில் வரும் குண்டுகளை முடுக்க வேண்டும், நடுநடுவே வரும் ஹிட்லர் படத்துக்கு ஒவ்வொரு முறையும் வணக்கம் வைக்க வேண்டும் என்ற இரட்டை வேலையில் அதற்குப் பித்துப் பிடித்துவிடுகிறது. அத்தனையும் கெட்ட கனவு. விழித்தெழும் டொனால்ட் சுவரில் உயர்ந்த கை ஒன்றின் நிழலைக் கண்டு பழக்கதோஷத்தில் வணங்கப் போய், அது சுதந்திர தேவி சிலையின் நிழல் என்று தெரிந்ததும் சிலையைக் கட்டிக்கொள்கிறது. உங்களுக்கு வந்த துண்டில் இந்தக் கடைசிப் பகுதி இருந்திராது.

கேள்வி (கோவை வாசகர்): இத்தகைய படங்களை அரசாங்கம் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னதா, நிறுவனங்கள் தாமாகவே எடுத்தனவா?

பதில்: இரண்டும் நடந்தன. ஹிட்லரைக் கேலி செய்தால் அரங்கு நிறையும் என்பதைப் பட நிறுவனங்கள் நன்றாகவே அறிந்திருந்தன. எம்ஜிஎம் நிறுவனத்துக்காக டெக்ஸ் ஏவரி 1942-இல் எடுத்த 'பிளிட்ஸ் உல்ஃப்', மூன்று பன்றிக்குட்டிகளின் கதையில் ஓநாயை ஹிட்லராக்கியது. ஆயினும் அரசாங்கங்கள் கேட்டு வாங்கிய படங்களே எனக்குக் கூடுதல் சுவையாகத் தோன்றுகின்றன. அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே, கனடா அரசின் திரைப்பட வாரியம் போர்ச் சேமிப்புப் பத்திரங்களை விற்பதற்காக டிஸ்னியிடம் குறும்படங்கள் செய்து வாங்கியது. அமெரிக்கக் கருவூலத் துறையோ, அதுவரை வருமான வரியே கட்டியிராத பெருந்திரளான மக்கள் வரி வளையத்துக்குள் வந்த நேரத்தில், 1942 ஜனவரியில் 'தி நியூ ஸ்பிரிட்' படத்தை வெளியிடச் செய்தது. நாட்டுக்காக உயிரையும் கொடுக்கத் துடிக்கும் டொனால்ட், தன்னிடம் கேட்கப்படுவது வரிதான் என்று தெரிந்ததும் சுணங்கி, பிறகு மனம் மாறிப் படிவத்தை நிரப்புகிறது. தன்னைச் சார்ந்து வாழ்பவர்களாகத் தன் சகோதரியின் மூன்று மகன்களைக் காட்டிக் கழிவும் பெறுகிறது. வரி கட்டச் சொல்லும் படத்துக்கு வரிப்பணத்தில் 80,000 டாலரா என்று பிரதிநிதிகள் சபையில் கூச்சல் எழுந்து, அந்தத் தொகைக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது தனிக் கூத்து.

அதே ஆண்டு வந்த இன்னொரு படத்தில், பன்றியிறைச்சி பொரித்து மிஞ்சிய கொழுப்பை மின்னி மவுஸ் நாய் புளூட்டோவின் சோற்றில் ஊற்றப் போகிறாள். அந்த நொடியில் வானொலிக் குரல் தடுக்கிறது: கொழுப்பிலிருந்து கிளிசரின் கிடைக்கும், கிளிசரினிலிருந்து வெடிமருந்து கிடைக்கும். ஏமாந்துபோன புளூட்டோவே கடைசியில் கொழுப்பு நிறைந்த டப்பாவை இறைச்சிக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. எதிரியின் முகமே தேவைப்படாமல், அடுப்படியில் நிற்கும் பெண்ணிடம் அன்றைக்கே செய்யக்கூடிய ஒரு சிறு வேலையை ஒப்படைத்துவிடுகிறது இந்தப் படம். பிரசாரக் கலையில் இதைவிடத் தேர்ந்த கைவரிசையை நான் பார்த்ததில்லை.

கேள்வி (மதுரை வாசகி, ஆசிரியை): அக்காலப் பக்ஸ் பன்னி படங்கள் சிலவற்றைத் தொலைக்காட்சியில் காட்டுவதே இல்லையாமே, ஏன்?

பதில்: 1944-இல் ஃப்ரிஸ் ஃப்ரெலெங் இயக்கிய ஒரு வார்னர் பிரதர்ஸ் படத்தில், பசிபிக் தீவொன்றில் கரையேறும் பக்ஸ் பன்னி ஜப்பானிய வீரர்களுக்கு, அவர்கள் முகத்துக்கெதிரே இனத்தைப் பழிக்கும் சொற்களால் அழைத்தபடி, கையெறி குண்டு ஒளித்த ஐஸ்கிரீமை விநியோகிக்கிறது. வீரர்கள் அனைவருக்கும் ஒரே முகம்: துருத்திய பல், தடித்த கண்ணாடி. ஜெர்மனி என்றால் ஹிட்லர், அவருடைய விமானப்படைத் தலைவர் கோரிங், பிரசார அமைச்சர் கோயபல்ஸ் என்று குறிப்பிட்ட மனிதர்களைக் கேலி செய்த கலைஞர்கள், ஜப்பான் என்று வந்ததும் ஓர் இனம் முழுவதையும் கேலிப்பொருளாக்கினார்கள். அமெரிக்காவிலேயே வாழ்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை, அவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்களாக இருந்தும், முகாம்களில் அடைத்துவைத்திருந்த காலம் அது. ஆகவே குழந்தைகள் நேரத்தில் இவை ஒளிபரப்பாகாததில் எனக்கு வருத்தமில்லை. அதற்காக அழித்துவிட வேண்டும் என்பதையும் ஏற்கமாட்டேன். உங்கள் வகுப்பு மேல்நிலை வகுப்பாக இருந்தால், பின்னணியை முதலில் சொல்லிவிட்டுத் திரையிடலாம்.

கேள்வி (பினாங்கு வாசகர்): ஜப்பானியர் ஆண்ட நாட்களில் மலாயாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜப்பானிய எழுத்தைப் பாட்டாகவே கற்பித்ததாக எங்கள் தாத்தா சொல்வார். அவர்களும் கார்ட்டூன் எடுத்தார்களா?

பதில்: எடுத்தார்கள், முழுநீளப் படமாகவே. பீச் பழத்திலிருந்து பிறந்து, விலங்குத் தோழர்களுடன் அரக்கர் தீவை வெல்லும் மொமொதாரோ என்ற நாட்டுப்புறச் சிறுவனை ஜப்பானியக் கடற்படை தனக்குத் தளபதியாக்கிக்கொண்டது. மிட்சுயோ செயோ 1943-இல் எடுத்த 37 நிமிடப் படத்தில் அரக்கர் தீவு என்பது, 1941-இல் ஜப்பான் தாக்கிய அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர். அவரே எடுத்து, 1945 ஏப்ரலில் வெளிவந்த 74 நிமிடப் படம்தான் ஜப்பானின் முதல் முழுநீள அசைவூட்டப் படம். உங்கள் தாத்தா சொன்ன காட்சி அதில் அப்படியே இருக்கிறது: தென்கடல் தீவின் விலங்குகளுக்கு 'அ, இ, உ, எ, ஒ' என்று பாட்டுப் பாடி எழுத்துக் கற்பிக்கிறார்கள். தலையில் கொம்பு முளைத்த பிரிட்டிஷ் அதிகாரிகள் மேசையின் எதிரே நடுங்கியபடி சரணடையும் காட்சி, 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் ஜெனரல் பெர்சிவல் சரணடைந்ததை நினைவூட்டும்படி வரையப்பட்டது. முடிவில் குட்டி விலங்குகள் மரத்திலிருந்து தரையில் வரைந்த அமெரிக்க வரைபடத்தின்மேல் குதித்து விளையாடுகின்றன. படம் வெளிவந்தபோது டோக்கியோவின் பெரும்பகுதி குண்டுவீச்சில் எரிந்துபோயிருந்தது, நகரக் குழந்தைகள் பலர் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். அதனால் பார்த்தவர் சிலரே. ஒசாகாவில் பார்த்த இளைஞர் ஒருவர் மட்டும் அதில் மனம் பறிகொடுத்தார். பின்னாளில் ஜப்பானிய சித்திரக்கதை உலகின் முன்னோடியாகப் போற்றப்பட்ட ஒசாமு தெசுகா அவர்.

கேள்வி (சேலம் வாசகர்): ஹிட்லருக்கு மிக்கி மவுஸ் பிடிக்குமாமே?

பதில்: 1937 கிறிஸ்துமஸுக்கு அவருக்கு மிக்கி மவுஸ் படங்களைப் பரிசளித்ததாகவும், அவர் மகிழ்ந்துபோனதாகவும் கோயபல்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆனால் 1944-இல், ஜெர்மனியின் பிடியிலிருந்த பிரான்சில் வந்த ஒரு பிரசாரக் கார்ட்டூனில், பிரெஞ்சுக் குடும்பம் ஒன்றின் வீட்டின்மேல் குண்டு போட வரும் விமானங்களை ஓட்டுபவர்களில் மிக்கியும் இருக்கிறது. கூடவே டொனால்டும் பாப்பாயும்.