வில்ம்ஸ் கட்டியும் ஸ்கேனும்: குழந்தைகள் ரேடியாலஜி டாக்டர் பதில் சொல்கிறார்

கேள்வி: மகனுக்கு மூன்று வயது, சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி என்ற புற்றுநோய். நான்கு வாரக் கீமோ முடிந்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் 11 செ.மீ. கட்டி 10 செ.மீ.தான் ஆகியிருக்கிறது. மருந்து பிடிக்கவில்லையா டாக்டர்?

பதில்: ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள் அம்மா. நீளம், அகலம், ஆழம் மூன்றும் வேண்டும். ரிப்போர்ட்டில் இருக்கும், எழுதுங்கள்.

அளவு குறையாமலே மருந்து வேலை செய்திருக்கலாம். உள்ளே திசு செத்துப்போயிருந்தால், படம் தெளிய உதவும் கான்ட்ராஸ்ட் திரவம் ஏற்றியும் அந்த இடம் வெளுக்காமல் கறுப்பாகவே நிற்கும். ஸ்ட்ரோமா (இணைப்புத் திசு) மிகுந்த வகைக் கட்டி கீமோவில் சுருங்காது, சில சமயம் பெரிதாகவும் ஆகும். ஆனாலும் அது மோசமான வகை இல்லை. கீமோவைத் தாண்டியும் மிஞ்சும் பிளாஸ்டிமா (முதிராத கருநிலை) செல்கள்தான் கவலைக்குரியவை. திசுவில் நீர் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்று காட்டும் எம்.ஆர்.ஐ. வகை டிஃப்யூஷன்; அதில் அந்த நகர்வின் அளவான ஏ.டி.சி. எண் ஏறினால், செல் நெருக்கம் குறைகிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். ஆனால் ஆபரேஷனில் எடுத்த சிறுநீரகத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற பேத்தாலஜிஸ்ட் சொல்வதுதான் முடிவு.

கேள்வி: குளிப்பாட்டும்போது தொட்டுப் பார்க்கிறேன், கட்டி குறைந்த மாதிரி தெரிகிறது. சரியா?

பதில்: தொட்டுப் பார்க்கவே கூடாது. அழுத்தினால் கட்டி உடையலாம். பாட்டி, அத்தை எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: பெட் ஸ்கேன் எடுக்கலாமா?

பதில்: வழக்கமாகத் தேவையில்லை.

கேள்வி: அமெரிக்காவில் முதலில் ஆபரேஷன் செய்கிறார்களே. கீமோ கொடுத்துக் காத்திருப்பது நேர விரயம்தானே?

பதில்: இல்லை. வட அமெரிக்காவில் பெரும்பாலும் முதலில் ஆபரேஷன், ஐரோப்பாவில் சியாப் என்ற குழந்தைப் புற்றுநோய் அமைப்பின் முறையில் முதலில் கீமோ. இரண்டிலும் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். கீமோவில் கட்டி சுருங்கினால் ஆபரேஷனில் உடையும் ஆபத்து குறையும். உடைந்தால் நோய் மூன்றாம் நிலை ஆகிவிடும், வயிற்றுக்குக் கதிர்வீச்சும் சேரும். இதையா விரயம் என்கிறீர்கள்?

கேள்வி: அப்படியானால் அமெரிக்க டாக்டர்கள் தவறா?

பதில்: அப்படிச் சொல்லவில்லை. முதலில் எடுத்தால் மருந்து படாத திசு கிடைக்கும், உண்மையான நிலை தெரியும். அதுவும் பெரிய லாபம்தான். நோய் நுரையீரலுக்குப் பரவிய விஷயத்தில் அவர்களிடம் நாம் கற்றது நிறைய. கீமோவின் ஆறாவது வார சி.டி. ஸ்கேனில் நுரையீரல் முடிச்சுகள் முழுக்க மறைந்த குழந்தைகளுக்கு நெஞ்சுக் கதிர்வீச்சு தராமல் ஓர் ஆய்வு செய்தார்கள். நான்கு ஆண்டு கழித்து 96 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். வளரும் நெஞ்சுக்கும் இதயத்துக்கும் அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

கேள்வி: மகளுக்கு 9 செ.மீ. இருந்தது 8.5 ஆகியிருக்கிறது. மருந்து வேலை செய்கிறதா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். மூன்று அளவு இல்லாமல் என்னிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: பப்பாளி இலைச் சாறு?

பதில்: கீமோ தரும் டாக்டரைக் கேளுங்கள். கேட்காமல் தராதீர்கள்.

கேள்வி: முதலில் கேட்ட அம்மாதான். அப்போது 11, 10, 9. இப்போது 10, 8, 7.

பதில்: மூன்றையும் பெருக்கி, 0.523-ஆல் மீண்டும் பெருக்குங்கள்; கட்டியை முட்டை வடிவம் என்று வைத்துக் கன அளவு போடும் கணக்கு இது. அப்போது 518 மி.லி., இப்போது 293. நீளம் ஒரு செ.மீ.தான் குறைந்தது, கட்டியோ 43 சதவீதம் குறைந்திருக்கிறது. பழைய ஸ்கேன் பதிந்த டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். ஆபரேஷன் வரைக்கும் வயிற்றில் யாரும் கை வைக்க வேண்டாம்.