நிறுத்தப்பட்ட விளையாட்டை மகன் ஆடலாமா? பென் டிரைவில் புத்தகம் வாங்கலாமா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் சனிக்கிழமைகளில் நண்பர்களோடு ‘ஸ்டார் வார்ஸ் சாகா எடிஷன்’ என்ற ரோல்-பிளேயிங் கேம் (ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு) ஆடுகிறான். பழைய புத்தகக் கடையில் கிடைத்த அடிப்படைப் புத்தகம் ஒன்றுதான் அவனிடம் இருக்கிறது. மீதிப் புத்தகங்களும் வேண்டும் என்று நச்சரிக்கிறான். ஆனால் பதிப்பகம் இந்த வரிசையையே நிறுத்திவிட்டதாம். இணையத்தில் ஒரு புத்தகத்துக்கு 200 டாலருக்கு மேல் சொல்கிறார்கள். எங்கள் ஊர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், எல்லாப் புத்தகங்களின் பிடிஎஃப்பையும் பென் டிரைவில் போட்டு 40 டாலருக்குத் தருகிறேன், நிறுத்திய விளையாட்டுக்குப் பதிப்புரிமை கிடையாது என்கிறார். இன்னொருவரோ, உரிமம் முடிந்த விளையாட்டை ஆடுவதே சட்டப்படி தப்பு என்று பயமுறுத்துகிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள். உங்கள் மகன் தாராளமாக ஆடலாம். பென் டிரைவை வாங்காதீர்கள். 200 டாலர் புத்தகத்தையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்த விளையாட்டை வெளியிட்டது விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற நிறுவனம். ஸ்டார் வார்ஸ் கதையுலகம், அந்தத் திரைப்படங்களைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிமுக்குச் சொந்தம். அதைப் பயன்படுத்திக்கொள்ள விசார்ட்ஸ் உரிமம் வாங்கியிருந்தது. அதன்படி சாகா எடிஷன் 2007இல் வந்தது. 2010 ஜனவரியில், உரிமத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று விசார்ட்ஸ் அறிவித்தது. அந்த ஆண்டோடு வரிசை முடிந்தது. முடிந்தது என்றால் என்ன பொருள்? புதிதாக அச்சடித்து விற்கும் அனுமதி முடிந்தது. அது இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தம். அதில் நீங்களும் கையெழுத்துப் போடவில்லை, உங்கள் மகனும் போடவில்லை. காசு கொடுத்து வாங்கிய புத்தகம் உங்களுடையது. அதை வைத்து ஆடலாம், நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம், நாளைக்கே விற்கவும் செய்யலாம்.

விளையாடும் முறைக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கருத்துக்கோ முறைக்கோ செயல்முறைக்கோ பாதுகாப்பு இல்லை என்று அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 102ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. 20 முகப் பகடையை உருட்டு, வந்த எண்ணோடு பாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்டு, குறித்த இலக்கைத் தொட்டால் வெற்றி: இது முறை. இதை யாரும் பூட்டி வைக்க முடியாது. அந்த முறையை விளக்கும் வாக்கியங்கள், படங்கள், வரைபடங்கள் ஆகியவற்றுக்குத்தான் பாதுகாப்பு. ஆகவே உங்கள் மகன் தன் நோட்டில் சொந்த வார்த்தைகளில் விதிகளை எழுதிவைத்துக்கொண்டால் ஒரு குற்றமும் இல்லை. தாங்கள் ஆடுவதற்காகத் தானே கதைகள் எழுதினாலும் யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

இப்போது வாட்ஸ்அப்காரரைப் பற்றி. இவரைப் போன்றவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஒவ்வொரு விளையாட்டு வரிசை நிற்கும்போதும் இதே பேச்சோடு வந்துவிடுகிறார்கள். ‘பதிப்பகமே கைவிட்டுவிட்டது, இனி யாருக்கும் உரிமை இல்லை’ என்பது பச்சைப் பொய். விற்பதை நிறுத்தினால் பதிப்புரிமை விழுந்துவிடாது. நிறுவனத்துக்காகச் செய்து கொடுக்கப்பட்ட படைப்புக்கு அமெரிக்காவில் வெளியான நாளிலிருந்து 95 ஆண்டு பாதுகாப்பு உண்டு. 2007இல் வந்த புத்தகத்துக்கு 2102 வரை கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பேரன் காலத்திலும் அது இன்னொருவரின் சொத்துதான்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு, அதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். சாகா எடிஷன் புத்தகங்கள் அதிகாரபூர்வமாகப் பிடிஎஃப் வடிவில் விற்கப்படவே இல்லை. அச்சுப் புத்தகம் மட்டும்தான் வந்தது. அப்படியானால் அந்தப் பென் டிரைவில் இருப்பது என்ன? யாரோ ஒருவர் புத்தகத்தைப் பிரித்துப் போட்டு ஸ்கேன் செய்தது. நீங்கள் கொடுக்கும் 40 டாலரில் ஒரு காசுகூட எழுதியவருக்கும் போகாது, படம் வரைந்தவருக்கும் போகாது, பதிப்பகத்துக்கும் போகாது. நம் ஊர்க்காரர், தெரிந்த முகம், நல்ல மனிதர் என்பதெல்லாம் இதை மாற்றாது. எங்கெங்கோ சுற்றிவந்த பென் டிரைவை, பள்ளிப் பாடமும் செய்யும் மடிக்கணினியில் செருகுவதும் அறிவான காரியம் இல்லை.

பிடிஎஃப் என்றாலே திருட்டு என்று நினைத்துவிடாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். பல விளையாட்டுகளின் பழைய புத்தகங்கள் முறையாகவே பிடிஎஃப் வடிவில் விற்கப்படுகின்றன. இதே விசார்ட்ஸ் நிறுவனத்தின் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் பழைய பதிப்புகள் 2013 ஜனவரியிலிருந்து மீண்டும் மின்நூலாகக் கிடைக்கின்றன. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்தவைகூட அவற்றில் உண்டு. அவற்றை வாங்கலாம், தவறே இல்லை. எது முறையானது என்று கண்டுபிடிப்பது கடினமும் இல்லை. பதிப்பகத்தின் சொந்தத் தளத்திலோ, டிரைவ்த்ருஆர்பிஜி போல பதிப்பகங்களே நேரடியாகக் கணக்கு வைத்து விற்கும் கடையிலோ இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லாத ஒன்று தனிநபரிடம் மட்டும் கிடைக்கிறது என்றால் விலகிவிடுங்கள்.

முறையாக வாங்கினாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பணம் கட்டியவுடன் கோப்பை இறக்கி உங்கள் கணினியிலும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் போட்டுவையுங்கள். ‘என் கணக்கில்தானே இருக்கிறது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடாதீர்கள். 2009 ஏப்ரலில் நடந்ததைச் சொல்கிறேன். விசார்ட்ஸ் தன் பிடிஎஃப் விற்பனை முழுவதையும் ஒரேயடியாக நிறுத்தியது. திருட்டுப் பிரதிகள்தான் காரணம் என்றது. அந்தப் பிடிஎஃப்களை விற்றுவந்த பாய்சோ நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அறிவிப்பு கொடுத்தது: ஏப்ரல் 6 நள்ளிரவோடு விற்பனை முடிகிறது; ஏற்கெனவே வாங்கியவற்றைக்கூட மறுநாள் நண்பகலுக்குப் பிறகு இறக்க முடியாது. ஊருக்குப் போயிருந்தவர், மின்னஞ்சலைப் பார்க்காதவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். முழு விலை கொடுத்தவருக்கு ஒரு நாள் அவகாசம்! திருடியவனிடம் கோப்பு பத்திரமாக இருந்தது. காசு கொடுத்தவன்தான் தவித்தான். இந்த அமைப்பின் மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்கு இதுவே போதுமான காரணம்.

உரிமம் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒப்பந்தம் போடும்போது ஒரே ஒரு பத்தி சேர்த்தால் போதும்: உரிமம் முடிந்த பிறகும் வெளிவந்த புத்தகங்களை மின்நூலாகத் தொடர்ந்து விற்கலாம், பங்குத்தொகை உரியவருக்குப் போகும் என்று. அந்தப் பத்தி இருந்திருந்தால் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்த வியாபாரமே நடந்திருக்காது. வாங்கிய குடும்பங்களைப் பற்றி யோசிக்க அந்த மேசையில் ஆள் இருப்பதில்லை.

ஸ்டார் வார்ஸ் விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 1987இல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் வெளியிட்டது. அருமையான வேலை அது. அந்தப் புத்தகங்களில் வேற்றுக்கிரக இனங்களுக்கு வைத்த பெயர்கள் பிறகு ஸ்டார் வார்ஸ் உலகத்திலேயே நிலைத்துவிட்டன. லூகாஸ்ஃபிலிம் புதிய நாவல்களுக்கு ஆள் அமர்த்தியபோது, குறிப்புக்காக எழுத்தாளருக்கு அனுப்பிவைத்ததும் இவற்றைத்தான். அவ்வளவு பெயர் வாங்கிய வரிசை எப்படி நின்றது தெரியுமா? வெஸ்ட் எண்ட் உரிமையாளரின் ஷூ இறக்குமதி வியாபாரம் நொடித்தது. 1998இல் விளையாட்டு நிறுவனத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு திவாலானது. 2000இல் விசார்ட்ஸ் புதிய விதிகளோடு வந்தது, 2010இல் போனது. அடுத்து ஃபேன்டஸி ஃபிளைட் கேம்ஸ், இன்னொரு வகை விதிகளோடு. அதற்குத் தனிக் குறியீடுகள் போட்ட பகடைகளையே வாங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஆடுபவர்கள்தான் முதலிலிருந்து செலவு செய்தார்கள்.

இந்த வரலாற்றில் விலை பற்றிய பாடமும் இருக்கிறது. வெஸ்ட் எண்ட் புத்தகம் இனி கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லி விற்றவர்கள் எத்தனையோ பேர். 30 ஆண்டு நிறைவையொட்டி ஃபேன்டஸி ஃபிளைட் அதையே 2018இல் அழகாக மறுபதிப்பு செய்தது. 2020 ஜனவரியில் ஃபேன்டஸி ஃபிளைட் தன் ரோல்-பிளேயிங் பிரிவில் ஆட்களை நீக்கியபோது மறுபடி அதே பதற்றம், அதே விலையேற்றம். பிறகு அதே குழுமத்தைச் சேர்ந்த எட்ஜ் ஸ்டுடியோ பொறுப்பேற்று மறுபதிப்புகளைக் கொண்டுவந்தது. பதற்றத்தில் வாங்கியவர்களின் பணம் போனதுதான் மிச்சம். சாகா எடிஷனுக்கும் அப்படி மறுபதிப்பு வரும் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். விதிகளை எழுதியது ஒருவர், கதையுலகம் இன்னொருவருடையது, அந்த முடிச்சு அவிழ்வது கடினம். இருந்தாலும் பயத்தில் வாங்காதீர்கள். ‘முதலீடு, இன்னும் ஐந்து வருஷத்தில் இரண்டு மடங்கு’ என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

200 டாலர் என்பது விற்பவர் ஆசைப்படும் விலை. ஈபேயில் தேடும்போது ‘விற்றுமுடிந்தவை’ என்று வடிகட்டிப் பாருங்கள், அப்போதுதான் வாங்கியவர்கள் உண்மையில் கொடுத்த விலை தெரியும். சில புத்தகங்களுக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். விற்பவர் போட்டிருக்கும் படத்தை நம்பாதீர்கள். முதுகுப் பகுதி, உரிம விவரம் அச்சான பக்கம், கடைசிப் பக்கம் மூன்றையும் புதிதாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாகா புத்தகங்கள் கெட்டி அட்டை போட்டவை, கிட்டத்தட்ட சதுரமானவை, நீளமும் அகலமும் சுமார் 9 அங்குலம் இருக்கும். நீள்சதுரமாக, மெல்லிய அட்டையோடு, எழுத்து மங்கலாக வந்தால் அது ஸ்கேனை அச்சடித்துத் தைத்த போலி. சில விற்பவர்கள், பேபாலில் ‘நண்பர், குடும்பத்தார்’ வழியாகப் பணம் அனுப்புங்கள், கமிஷன் மிச்சம் என்பார்கள். அந்த வழியில் அனுப்பினால் வாங்குபவருக்கு உள்ள பாதுகாப்பு கிடையாது. பொருள் வராவிட்டால் பணம் போனதுதான்.

இனி உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வரிசையில் மொத்தம் 14 கெட்டி அட்டைப் புத்தகங்கள் வந்தன. ஆடுவதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அது ஏற்கெனவே அவனிடம் இருக்கிறது. ஜெடாய், பிரபு, போக்கிரி, சாரணர், படைவீரர் என ஐந்து வகைப் பாத்திரங்களும் அதில் உண்டு. ஃபோர்ஸ் எனும் மாய சக்திகள், விண்கலங்கள், டிராய்டுகள் எனும் இயந்திர மனிதர்கள், எதிரிகள், கதையை நடத்தும் கேம் மாஸ்டருக்கான பகுதி எல்லாம் அதிலேயே இருக்கின்றன. பாத்திரத் தாளை நகலெடுக்கலாமா என்பதற்கு அந்தத் தாளின் அடியையே பாருங்கள். இப்படிப்பட்ட புத்தகங்களில் சொந்த உபயோகத்துக்கு நகலெடுக்கும் அனுமதியைப் பொதுவாக அங்கேயே அச்சிட்டிருப்பார்கள்.

மற்றப் புத்தகங்கள் எதற்கு என்று அவனிடம் கேளுங்கள். ‘எல்லாம் வேண்டும்’ என்றால் காத்திருக்கட்டும். ‘ஸ்டார் வார்ஸில் வரும் பழைய குடியரசுக் காலத்துக் கதை ஆடப் போகிறோம், அதற்கு இந்த ஒரு புத்தகம்’ என்று குறிப்பாகச் சொன்னால் அவன் யோசித்திருக்கிறான் என்று அர்த்தம். அந்த ஒன்றின் பின்னட்டையில் இருக்க வேண்டிய ஐஎஸ்பிஎன் எண்ணை இணையத்தில் பார்த்து எழுதிக்கொண்டு, உங்கள் ஊர்ப் பொது நூலகத்துக்கு அவனையே அனுப்புங்கள். வேறு நூலகத்திலிருந்து இரவல் தருவித்துக் கொடுக்கும் ஏற்பாடு உண்டா என்று முகப்பில் கேட்கச் சொல்லுங்கள். எந்த நூலகத்தில் பிரதி இருக்கிறது என்று வொர்ல்ட்கேட் தளத்தில் தேடியும் பார்க்கலாம். வந்துசேரச் சில வாரங்கள் ஆகலாம். படித்துப் பார்த்த பிறகும் அது வேண்டும் என்றால், விற்றுமுடிந்த விலையைப் பார்த்துப் பழைய பிரதி ஒன்றை வாங்கிக் கொடுங்கள்.