'விண்ட்டாக்கர்ஸ்' திரைப்படம் அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ வீரர்களின் வரலாற்றை உண்மையாகச் சொல்கிறதா?

பின்னணி உண்மையானது; ஆனால் அந்த வரலாற்றின் சாரம் படத்தில் இல்லை என்பதே என் கருத்து.

ஜான் வூ இயக்கி 2002-இல் வெளிவந்த இப்படம், இரண்டாம் உலகப் போரில், 1944-இல் பசிபிக் கடலின் சைபான் தீவில் அமெரிக்கருக்கும் ஜப்பானியருக்கும் நடந்த போரைக் களமாகக் கொண்டது. நவஹோ மொழியில் சங்கேதச் செய்தி அனுப்பும் வீரருக்குக் காவலாக நியமிக்கப்படும் சார்ஜென்ட், அவ்வீரர் எதிரியிடம் சிக்க நேர்ந்தால் அவரைக் கொன்றேனும் சங்கேதத்தைக் காக்க வேண்டும் என்பதே கதையின் முடிச்சு. அப்படியோர் ஆணை இருந்ததாக அமெரிக்க மரைன் படை ஏற்கவில்லை. அதைவிட என்னை வருத்துவது, நிக்கோலஸ் கேஜ் ஏற்ற சார்ஜென்ட்டின் குற்றவுணர்வே படத்தை நிறைத்துக்கொள்ள, ஆடம் பீச்சும் ரோஜர் வில்லியும் நடித்த நவஹோ வீரர்கள் அவருடைய மனமாற்றத்துக்குத் துணைப்பாத்திரங்களாகச் சுருங்கிவிடுவதுதான்.

உண்மையில் அந்தச் சங்கேதத்தை உருவாக்கியவர்களே நவஹோ இளைஞர்கள்தாம். 1942-இல் மரைன் படையில் சேர்ந்த 29 பேர், தாய்மொழியை அப்படியே பேசாமல், டாங்கிக்கு ஆமை, கையெறி குண்டுக்கு உருளைக்கிழங்கு, நீர்மூழ்கிக் கப்பலுக்கு இரும்பு மீன் என்று சொற்களை வகுத்தார்கள். பட்டியலில் இல்லாத பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்ல எறும்பு, கரடி போன்ற சொற்களை வைத்துக்கொண்டார்கள். களத்தில் குறிப்பேடு கிடையாது, அனைத்தும் மனப்பாடம். சொற்கள் இப்படி மாற்றி வகுக்கப்பட்டிருந்ததால்தான், ஜப்பானியரிடம் போர்க்கைதியாக இருந்த நவஹோ வீரர் ஒருவரைச் சித்திரவதை செய்து கேட்டும், சங்கேதப் பயிற்சி பெறாத அவரால் தொடர்பற்ற சொற்களைத் தவிர வேறெதையும் அறிய முடியவில்லை. 1945-இல் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் நடந்த போரின் முதல் இரண்டு நாட்களில் ஆறு பேர் 800-க்கும் மேற்பட்ட செய்திகளைப் பிழையின்றிக் கையாண்டார்கள். இந்த அறிவுழைப்பு திரையில் சில நொடி வானொலி உரையாடலாகவே கடந்துபோகிறது.

இவர்களில் பலர் சிறுவயதில் அரசு விடுதிப் பள்ளிகளில் நவஹோ பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் என்பதையும், சங்கேதம் 1968 வரை இரகசியமாக இருந்ததால் ஊர் திரும்பிய பின்னும் தம் பணியைப் பற்றி வீட்டாரிடம்கூடப் பேச முடியாதிருந்தார்கள் என்பதையும் அறியும்போது, எத்தனை வலுவான திரைக்கதை கைவிடப்பட்டிருக்கிறது என்ற ஆதங்கம் எழுகிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் அந்த 29 பேருக்கு 2001-இல்தான் வழங்கப்பட்டது. அதற்குள் பெரும்பாலோர் மறைந்துவிட்டிருந்தார்கள்.

போர்க்காட்சிகளுக்காகப் படத்தைப் பார்க்கலாம். வரலாற்றை அறிய விரும்பினால், அந்த 29 பேரில் ஒருவரான செஸ்டர் நெஸ் 2011-இல் வெளியிட்ட தன்வரலாற்றைப் படியுங்கள்.