பத்துப் பேரும் ஒரே உண்டியலும்

ஐயா,

தென் மாவட்டத்துப் பங்கு ஒன்றில் நான் மறைக்கல்வி ஆசிரியை. வரும் மறைபரப்பு ஞாயிறையொட்டி எங்கள் மறைவட்டத்தின் ஏழு பங்குத்தந்தையரும் இங்குள்ள நான்கு துறவற சபைகளும் சேர்ந்து குருவாகவோ துறவியாகவோ வரப் பிள்ளைகளை அழைக்கும் இறையழைத்தல் நாளை ஒன்றாக நடத்தப்போகிறார்கள். இதுவரை சபைக்கொரு முகாம்தான். ஆளாளுக்கு எங்கள் பையன்களை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், மறைமாவட்டத்துக்கு ஒருவரும் மிஞ்சுவதில்லை. ஒருங்கிணைக்கும் பொறுப்பு இப்போது என் தலையில். சேர்ந்து செய்வதால் உண்மையிலேயே பலன் உண்டா? கைப்பேசியே கதியென்று கிடக்கும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் காதில் ஏறுமா? மறைபரப்பு என்று நோட்டீஸில் போட்டால் வம்பு வருமா? அன்றைய காணிக்கையிலிருந்து பந்தல், சாப்பாட்டுச் செலவை எடுத்துக்கொள்ளலாமா? நல்ல பேச்சாளர் இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

பொறுப்பை ஆள் தெரிந்துதான் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை கேட்கிறவர் காரியத்தை அரைகுறையாக விடமாட்டார். பிரான்சின் லியோன் நகரத்துப் பவுலின் ஜாரிகோவின் வேலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால் பதில் நீளும்.

கைப்பேசியை விடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேச ஆள் இருந்தால் பிள்ளை கைப்பேசியைக் கீழே வைக்கும். நோட்டீஸ் பயமும் வேண்டாம். நம் கோயில் வளாகத்தில், நம் குடும்பத்துப் பிள்ளைகளிடம், பெற்றோருக்குத் தெரிய, வாழ்க்கையை எதற்குக் கொடுக்கப்போகிறாய் என்று கேட்கிறீர்கள். ஒளிக்க அதில் ஒன்றுமில்லை.

ஆனால் ‘எங்கள் பையன்களை அள்ளிக்கொண்டு போகிறார்கள்’ என்ற வரியை விட மாட்டேன். இந்த மனதோடு ஏழு ஃபாதர்களும் நான்கு சபைகளும் ஒரே மேடையில் உட்கார்ந்தால் அது கூட்டு முயற்சி ஆகாது, ஒரே பந்தலுக்குக் கீழே பதினொரு கடை. எந்தப் பையனும் பங்குக்கும் சொந்தமில்லை, சபைக்கும் சொந்தமில்லை. மறைக்கல்வி நடத்துகிற நீங்களே இப்படிப் பேசினால் வீட்டில் அம்மா என்ன பேசுவாள்?

பவுலினுக்கு வருகிறேன். 1799இல் பட்டு வணிகர் வீட்டில் பிறந்தவர். அண்ணன் ஃபிலேயாஸ் பாரிஸ் குருமடத்திலிருந்து எழுதிய கடிதங்களில், பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபை பணமில்லாமல் தவிப்பது தெரிகிறது. 1776 முதல் புதுச்சேரிப் பணித்தளத்தை ஏற்று நடத்திய அதே சபைதான். பவுலின் பணக்காரர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை, பட்டாலைப் பெண்களிடம் போனார். ஒரு பெண் பத்துப் பேரைச் சேர்க்க வேண்டும். ஆளுக்கு வாரம் ஒரு சூ, அந்தக் காலத்துச் சில்லறைக் காசு. இருபது சூ சேர்ந்தால் ஒரு ஃபிராங்க், ஆகவே ஒரு பத்தின் ஆண்டுத் தொகை 26 ஃபிராங்க். பத்துப் பத்துகளுக்கு ஒரு பொறுப்பாளர், அப்படிப்பட்ட பத்து நூறுகளுக்கு இன்னொருவர். ஆயிரம் பேரானால் 2,600 ஃபிராங்க். இத்தனைக்கும் எந்த மட்டத்தில் இருப்பவரும் பத்து முகங்களுக்கு மேல் நினைவில் வைக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கை இருபதானால் இந்த வாரம் யார் வரவில்லை என்று தெரியாது. மாதத்துக்கொரு வசூல் என்றால் ஒரு மாதம் தவறியதுமே சங்கிலி அறும். வாராவாரம் ஒரு சூ வாங்கப் போகிற பெண், அந்த வீட்டில் காய்ச்சலா, வேலை போய்விட்டதா, மூத்த பிள்ளை எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறானா என்பதையும் தெரிந்துகொண்டு திரும்புவாள். பிறகு பணித்தளங்களிலிருந்து வந்த கடிதங்களைத் தொகுத்து அச்சிட்டு, பத்துப் பேருக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் படித்து அடுத்த வீட்டுக்குக் கைமாறியது. காசு அந்தப் பக்கம் போக, கடிதம் இந்தப் பக்கம் வந்தது.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதற்கு அடுத்த கட்டம். அமெரிக்காவில் லூயிசியானாவின் ஆயர் துய்பூருக்கும் லியோனில் நண்பர்கள் இருந்தார்கள். 1822இல் அவருடைய பிரதிநிதி அங்கே உதவி கேட்டு வந்தார். ஒரே நகரம், ஒரே கோயில்கள், இரண்டு வசூல்: ஒன்று கிழக்குக்கு, ஒன்று அமெரிக்காவுக்கு. நம்மூராக இருந்தால் ஆளுக்கொரு உண்டியல் வைத்திருப்பார்கள். அவர்கள் 1822 மே 3 அன்று கூடி, எந்த ஒரு பணித்தளத்துக்கும் என்றில்லாமல் எல்லாப் பணித்தளங்களுக்கும் ஒரே சங்கம் என்று முடிவுசெய்தார்கள். விசுவாசப் பரப்புதல் சங்கம் பிறந்தது அப்படித்தான். வந்த பணம் கிழக்கத்தியப் பணித்தளங்கள், லூயிசியானா, கென்டக்கி என்று பிரிந்தது.

இதில் எல்லோருமே எதையாவது விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். லூயிசியானா தனக்கென்று ஒரு நிதியை விட்டது. பவுலின் தான் கட்டிய வலையையே கொடுத்தார். நிர்வாகத்தில் ஆண்கள் அமர்ந்தார்கள், அவர் பெயர் பின்னுக்குப் போனது. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1922 மே 3 அன்று, திருத்தந்தை பதினோராம் பயஸ் அதைப் பாப்பிறைச் சங்கமாக்கி ரோமுக்குக் கொண்டுபோனபோது பிரான்ஸ் தன் தலைமையகத்தை விட்டது. பவுலின் 1862இல் கடனாளியாக இறந்தார். 2022 மே 22 அன்று லியோனிலேயே, புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் என்று அறிவிக்கப்பட்டார்.

உங்கள் நான்கு சபைத் தலைவர்களிடம் இத்தாலியின் பார்மா நகர ஆயர் கீதோ கொன்ஃபோர்த்தியைப் பற்றியும் சொல்லுங்கள். பர்மாவில் பணிசெய்து உடல்நலம் கெட்டு இத்தாலி திரும்பிய பவுலோ மான்னா, குருக்களிடம் தீ இல்லாமல் மக்களிடம் தீ பற்றாது என்று கண்டு, 1916இல் குருக்களுக்கான மறைபரப்பு ஒன்றியத்தைத் தொடங்கினார். மான்னா மிலான் நகர மறைபரப்பு நிறுவனத்தைச் சேர்ந்தவர். பார்மா ஆயரான கொன்ஃபோர்த்தியோ சவேரியார் மறைபரப்புச் சபையை நிறுவியவர், தன் சபைக்கே ஆள் தேவைப்பட்டவர். ஆனாலும் அந்தப் பொது ஒன்றியத்தின் முதல் தலைவர் பொறுப்பை ஏற்று உழைத்தார். நம் பக்கமும் உதாரணம் உண்டு. பதின்மூன்றாம் லியோ 1893இல் கண்டியில் நிறுவிய பாப்பிறைக் குருமடம் இந்தியா, இலங்கை, பர்மா மூன்றுக்கும் பொதுவாக இருந்தது. 1955இல்தான் அது புனேக்கு மாறியது.

காணிக்கைக் கேள்விக்குப் பதில்: கூடாது. பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் பங்குப் பேரவைகள் தனியாகப் போடட்டும். திருச்சபைச் சட்டம் 791ஐ எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மறைமாவட்டமும் மறைபரப்பு அழைத்தல்களை ஊக்குவிக்க வேண்டும், மறைபரப்புப் பணிகளை வளர்க்க ஒரு குருவை நியமிக்க வேண்டும், ஆண்டுதோறும் மறைபரப்பு நாள் கொண்டாட வேண்டும், காணிக்கையை ரோமுக்கு அனுப்ப வேண்டும் என்று நான்கையும் ஒரே இடத்தில் சொல்கிறது. 1926இல் ஏற்படுத்தியபடி அக்டோபரின் கடைசிக்கு முந்தைய ஞாயிறு இதற்குத்தான். உலகம் முழுதும் சேர்வது ஒரு பொது நிதிக்குப் போகிறது. பல நாடுகளின் தேசிய இயக்குநர்கள் ஆண்டுதோறும் கூடித்தான் யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கிறார்கள். ஏழைப் பங்கும் போடுகிறது, ஏழைப் பங்கும் பெறுகிறது. அதிலிருந்து பிரியாணிக்கு எடுக்கலாமா என்று கேட்காதீர்கள், டீச்சர். அன்று மாலையே இரண்டு பேர் எண்ணி, தொகையை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, மறைமாவட்ட மறைபரப்பு இயக்குநரிடம் முழுதாகச் சேர்த்துவிடுங்கள்.

இறையழைத்தல் நாளன்று எந்தச் சபையும் விண்ணப்பப் படிவம் கொண்டுவரக் கூடாது. இதற்கு மட்டும் பதினொரு பேரின் சம்மதத்தை முன்கூட்டியே வாங்குங்கள். முகாம்கள் கெடுவது இந்தப் படிவத்தில்தான். பத்தாம் வகுப்புப் பையன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நண்பன் போட்டான் என்று தானும் பெயர் எழுதுகிறான். பங்குத்தந்தை கையெழுத்துக்கான இடம் காலியாகக் கிடக்கும், ஜூன் மாதம் பெட்டியோடு கிளம்பிவிடுவான். ஒரு குருமடத்திலிருந்து வெளியே வந்தவன் ஆறு மாதத்தில் இன்னொரு சபையில் சேர்வதும் இப்படித்தான். திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றிதழ்களோடு, முன்பு எங்காவது இருந்திருந்தால் அந்த இல்லத்தின் கடிதமும் வேண்டும் என்று சட்டம் 241, 645 இரண்டும் கேட்கின்றன. தனித்தனி முகாமில் யாரும் விசாரிக்க மாட்டார்கள். பதினொரு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டால் ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடும்.

பிள்ளைகளைப் பத்துப் பத்தாக உட்காரவையுங்கள். ஒவ்வொரு பத்துக்கும் ஒரு ஃபாதரோ சிஸ்டரோ. பெண் பிள்ளைகளை மறக்காதீர்கள், பாதி முகாம்களில் அவர்கள் பாட்டுப் பாட மட்டும்தான் வருகிறார்கள். அந்தப் பத்துப் பேரை அதே ஆள் ஆறு மாதம் மாதந்தோறும் சந்திக்கட்டும், வீட்டுக்குப் போய் அப்பா அம்மா இருவரிடமும் பேசட்டும். அதற்குப் பிறகு எந்தச் சபை, எந்த மறைமாவட்டம் என்ற பேச்சை எடுக்கலாம். மறைமாவட்டக் குருவாவதும் ஊரோடு முடிகிற வாழ்வில்லை. 1957இலேயே பன்னிரண்டாம் பயஸ் மறைமாவட்டக் குருக்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி உதவுமாறு ஆயர்களிடம் கேட்டார். மிஞ்சவில்லை என்று புலம்பும் உங்கள் மறைமாவட்டமும் ஆள் அனுப்பலாம்.

பேச்சாளர் வேண்டாம். அந்த நேரத்தை ஒடிசாவிலோ வடகிழக்கிலோ பணிசெய்துவிட்டு விடுமுறைக்கு வந்திருக்கும் உங்கள் மறைவட்டத்து சிஸ்டர் ஒருவருக்குக் கொடுங்கள். காலையில் எழுந்து என்ன செய்கிறார், என்ன சாப்பிடுகிறார், அந்த ஊர்ப் பேச்சு வர எத்தனை மாதமானது என்று பிள்ளைகளே கேட்கட்டும். கேள்விகளை முந்தின ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலேயே துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள், மேடையில் கேட்கச் சொன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.