முதலீட்டுப் பாட ப்ராஜெக்டில் நஷ்டத்தை மறைக்க, பங்கு வாங்கிய தேதியை மாற்றி எழுதினால் ஆசிரியர் கண்டுபிடிப்பாரா?

கண்டுபிடித்துவிடலாம். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும். உட்காருவார்களா என்பது வேறு கேள்வி.

நீங்கள் எம்பிஏ ஃபைனான்ஸ் என்று நினைக்கிறேன். செக்யூரிட்டி அனாலிசிஸ் பேப்பர். பத்து லட்சம் கற்பனைப் பணத்தை வைத்து மூன்று மாதம் வாங்கி விற்று, எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றி, பீட்டா (சந்தையோடு சேர்ந்து பங்கு எவ்வளவு ஆடுகிறது), ஷார்ப் ரேஷியோ (எடுத்த ரிஸ்க்குக்கு எவ்வளவு லாபம்) போட்டு, ஸ்பைரல் பைண்டிங்கோடு கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். பக்கத்து பெஞ்சில் எல்லாரும் 20 சதவீத லாபம் என்கிறார்கள், உங்கள் ஷீட் மட்டும் சிவப்பாக இருக்கிறது. சரிதானே?

நான் பங்குத் தரகு அலுவலகம் ஒன்றின் பேக் ஆபீஸில் வேலை பார்ப்பவன். கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் சனிக்கிழமைகளில் இந்தப் பாடத்துக்கு கெஸ்ட் லெக்சரராகப் போய்க்கொண்டிருந்தேன். 2024 தொடக்கத்தில் நடந்த செமஸ்டரில் இதே ப்ராஜெக்டைத்தான் கொடுத்தேன். அந்த மூன்று மாதத்தில் சந்தையில் நடந்த கூத்து கொஞ்சமல்ல. ஜனவரி 17 அன்று, காலாண்டு முடிவு வந்த மறுநாள், எச்டிஎஃப்சி பேங்க் ஒரே நாளில் 8 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமெண்ட்ஸ் பேங்க் மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டது. மார்ச் 13 அன்று ஸ்மால்கேப் (சிறு நிறுவனப் பங்குகள்) குறியீடு சுமார் 5 சதவீதம் சரிந்தது. ஆனால் என் கைக்கு வந்த ரிப்போர்ட்டுகளில் பாதிக்கு மேல் இதில் ஒன்றிலும் ஒருவருக்கும் அடிபடவில்லை!

ஒரு பையன் ஷீட்டைச் சொல்கிறேன். வாங்கியதெல்லாம் அந்தந்த நாளின் ஆகக் குறைந்த விலைக்குப் பக்கத்தில், விற்றதெல்லாம் உச்சத்துக்குப் பக்கத்தில். பேடிஎம்மை பிப்ரவரி 1 அன்று 702 ரூபாய்க்கு விற்றதாக எழுதியிருந்தான். முந்தைய நாள் முடிவு விலை 761. பிப்ரவரி 1 அன்று காலையிலேயே 20 சதவீதம் கீழே 609க்கு வந்து லோயர் சர்க்யூட்டில், அதாவது அன்றைக்கு அதற்குக் கீழே போக முடியாத எல்லையில், நின்றுவிட்டது. அதற்கு மறுநாளும் இன்னொரு 20 சதவீதம், 487. இடையில் 702 என்று ஒரு விலையே கிடையாது. வைவாவில் கேட்டேன்.

"தம்பி, அன்னிக்கு 702ல யாருப்பா வாங்குனாங்க?"

"702 வந்தா வித்துடுன்னு லிமிட் ஆர்டர் போட்டேன் சார்."

"போட்டா? மார்க்கெட்டே அந்த விலைக்கு வரலையே."

"அவரேஜா ஒரு விலை போட்டேன் சார்."

அப்புறம் ஹோலி. நம் ஊரில் ஹோலிக்கு லீவு கிடையாது, காலேஜ் உண்டு. ஆனால் என்எஸ்இ, அதாவது தேசியப் பங்குச் சந்தை, இருப்பது மும்பையில். 2024 மார்ச் 25 திங்கட்கிழமை சந்தைக்கு விடுமுறை. அன்றைக்கு மட்டும் என் வகுப்பில் நாலைந்து பேர் பங்கு வாங்கியிருந்தார்கள். சீனியர் ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தவர்களைப் பிடிப்பது இன்னும் எளிது. 2023 ஜூலையிலேயே பேங்க்கோடு இணைந்து பட்டியலை விட்டுப் போன எச்டிஎஃப்சி லிமிடெட்டை இவர்கள் 2024 பிப்ரவரியில் வாங்கியிருந்தார்கள். ஷார்ப் ரேஷியோவுக்கு எடுக்கும் ரிஸ்க் ஃப்ரீ ரேட் (ஆபத்தில்லாமல் கிடைக்கும் வட்டி) 3.4 சதவீதம் என்று வேறு. அது கொரோனா காலத்து டிரெஷரி பில் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) வட்டி. 2024இல் அது 7 சதவீதத்தை ஒட்டி இருந்தது.

"எல்லாத் தேதியையும் சரிபார்த்து, புத்திசாலித்தனமாக மாற்றுவேன்" என்கிறீர்களா? அப்போதும் அதிர்ஷ்டம் காட்டிக்கொடுக்கும். அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் லீ 2005இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் தலைமை அதிகாரிகளுக்கு ஸ்டாக் ஆப்ஷன் (கொடுத்த அன்றைய விலைக்கே பின்னால் பங்கு வாங்கும் உரிமை) கொடுத்த தேதிகளை எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் பங்கு விலை எப்படிப் போனது என்று பார்த்தார். அந்தத் தேதி வரை இறங்கியிருக்கிறது, அதன் பிறகு ஏறியிருக்கிறது, திரும்பத் திரும்ப. பின்னால் உட்கார்ந்து தேதியைப் பொறுக்கியிருந்தால்தான் இப்படி அமையும். அடுத்த வருடம் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் விசாரணையில் மாட்டின. யுனைடெட்ஹெல்த் தலைவர் வில்லியம் மெக்குவயர் பதவியை விட்டே போனார். லீ கையில் இருந்தது தேதியும் விலையும் மட்டும்தான். உங்கள் ஆசிரியரிடமும் அது இருக்கிறது, என்எஸ்இ இணையதளத்தில் பாவ்காப்பி (அன்றாட விலைப் பட்டியல்) இலவசம்.

இத்தனைக்கும் லாபத்துக்கு நான் மார்க்கே வைக்கவில்லை. முதல் வகுப்பிலேயே சொன்னேன், யாரும் நம்பவில்லை. என்எஸ்இ குறியீடான நிஃப்டியின் ஆண்டு ஏற்ற இறக்கம் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கால் வருடத்துக்கு அதில் பாதி (ஏற்ற இறக்கம் காலத்தின் வர்க்கமூலப்படிதான் குறையும்), ஏழரை சதவீதம். அவ்வளவு மேலேயோ கீழேயோ போவது சாதாரணம். மூன்று மாத லாபத்தை வைத்து யாருடைய திறமையையும் அளக்க முடியாது. ஏன் வாங்கினாய், ஏன் வைத்திருந்தாய் என்பதற்குத்தான் மார்க்.

ஒரு பெண் ஜனவரி 16 அன்று எச்டிஎஃப்சி பேங்க் வாங்கி, மறுநாள் அடி வாங்கி, அதை அப்படியே எழுதியிருந்தாள். ஷார்ப் ரேஷியோ மைனஸில் வந்தால் அதை வைத்து இரண்டு போர்ட்ஃபோலியோக்களை ஒப்பிடக் கூடாது என்று ஒரு குறிப்பு வேறு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் கம்பெனி பற்றிய பக்கங்களை ஆண்டறிக்கையிலிருந்து எடுத்திருந்ததால், எழுத்துத் திருட்டு பார்க்கும் மென்பொருள் 30 சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை காட்டியது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி ஆய்வேடுகளில் 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். துறையில் அதே அளவுகோலை இதற்கும் வைத்து அவளைத் திரும்ப எழுத வைத்தார்கள். 702 ரூபாய்க்காரன் ஒற்றை இலக்கத்தில் பாஸ். அந்த மென்பொருளுக்கு வாக்கியம்தான் தெரியும், விலை தெரியாது. நான் அவனுக்குக் குறைத்துப் போட்ட இன்டெர்னல் மார்க்கும், "ரிசல்ட் பர்சென்டேஜ் அடிபடும் சார்" என்று துறையில் சொன்ன ஒரே வரியில் மேலே ஏறிவிட்டது.

உடனே சிலர் வருவார்கள், "நாட்டில் எவன் எவனோ கோடிக்கணக்கில் அடிக்கிறான், பாவம் ஒரு மாணவன் இன்டெர்னல் மார்க்குக்காகச் செய்ததைப் பெரிதாகப் பேசுகிறாயே" என்று. பேசுவேன். இந்தப் பசங்கதான் நாளைக்கு வாடிக்கையாளர் கணக்கில் கை வைக்கும் இடத்துக்கு வேலைக்கு வருகிறார்கள், அதுவும் என் பக்கத்து மேஜைக்கு. எல்லாக் கல்லூரியும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அரை மணி நேரம் ஏன் உட்கார மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்கு வெளியே என்றாலும். கெஸ்ட் லெக்சரருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று 2019இல் யுஜிசி சொன்னது. எனக்குக் கிடைத்தது அதில் பாதிகூட இல்லை. ப்ராஜெக்ட் திருத்துவதற்கு ஒரு பைசா கிடையாது. கடைசி செமஸ்டர் காசு தீபாவளிக்குத்தான் வந்தது. இப்போது நான் போவதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சிவப்பு ஷீட்டையே கொடுங்கள். ஒவ்வொரு பங்குக்கும் வாங்கிய அன்று என்ன நினைத்தீர்கள் என்று இரண்டு வரி சேருங்கள். கம்பெனி பற்றிய பக்கங்களைச் சொந்த நடையில் எழுதுங்கள், மென்பொருள் அதைத்தான் பிடிக்கும். வைவாவில் "விழும்போது ஏன் விற்கவில்லை" என்று நிச்சயம் கேட்பார்கள், அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும்.

பின்குறிப்பு: நான் செபியில் (பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு) பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை. "பேடிஎம் இப்ப வாங்கலாமா சார்" என்று யாரும் கேட்காதீர்கள்.