போதை ஓவர்டோஸ் முதலுதவிப் பயிற்சி: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அமெரிக்காவில் எங்கள் தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்குப் பயிற்சிக்குப் பணமில்லை. அரசு தருமா?

தரும். 2016இல் வந்த காரா சட்டத்தில் இதற்கென்றே ஒரு மானியம் உண்டு, சாம்சா என்ற மத்திய அமைப்பு வழங்குகிறது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆட்கள், ஓபியாய்டு (ஹெராயின், ஃபென்டனில், சில வலி மாத்திரைகள் போன்ற அபின் வகை மருந்து) போதையை முறிக்கும் நலோக்ஸோன் ஸ்பிரே வைத்திருக்கவும் அதைக் கொடுக்கப் பழகவும்தான் அந்தப் பணம். தனியாள் விண்ணப்பிக்க முடியாது, முதலில் உங்கள் கவுண்டி சுகாதாரத் துறையில் விசாரியுங்கள். ஒன்று சொல்கிறேன், ஸ்பிரே வாங்க மட்டும் கணக்குப் போடாதீர்கள், பயிற்சி நேரத்துக்கும் சேர்த்துப் போடுங்கள். என் வகுப்பில் ஒரு பையன் பொம்மையின் மூக்கில் ஸ்பிரேயை அழகாக அடித்துவிட்டுக் கைகட்டி நின்றான். ஏனப்பா என்றால், மருந்து வேலை செய்யட்டும் என்றான். ஓபியாய்டு ஆளைக் கொல்வதே மூச்சை அடக்கித்தான். மருந்து ஏற இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதுவரை ஐந்தாறு விநாடிக்கு ஒரு மூச்சு நாம்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: எழுந்து உட்கார்ந்துவிட்டால் விட்டுவிடலாமா?

கூடாது. நலோக்ஸோன் 30 முதல் 90 நிமிடம்தான் தாங்கும், அப்புறம் மூச்சு மறுபடி அடங்கலாம்.

கேள்வி: ஃபென்டனில் தூள் கையில் பட்டாலே மயக்கம் வருமாமே?

வராது. அமெரிக்க நச்சியல் மருத்துவர்கள் 2017லேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார்கள். சாதாரணக் கையுறை போதும், பட்டால் தண்ணீரில் கழுவுங்கள்.

கேள்வி: போலீஸ்காரர் சுருண்டு விழுந்த வீடியோவை நானே பார்த்தேனே, அது பொய்யா?

அவர் விழுந்தது பொய்யில்லை. ஆனால் நெஞ்சு படபடப்பது, மேல்மூச்சு வாங்குவது, கை நடுங்குவது எல்லாம் பயத்தில் வருபவை. ஓபியாய்டு ஏறினால் நேர்மாறாக மூச்சு மந்தமாகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். இந்தப் பயத்தால் கீழே கிடப்பவரைத் தொடத் தயங்கி நிற்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உதடு நீலமாகிக்கொண்டிருக்கும், இவர்கள் இன்னொரு கையுறை தேடுவார்கள்.

கேள்வி: தூள் காற்றில் பறந்தால்?

தூளைப் பற்றி இது மூன்றாவது கேள்வி. வீட்டுக்குள்ளோ தெருவிலோ அதுவாகப் பறந்து ஆளைச் சாய்க்காது. தயவுசெய்து மேலே படியுங்கள்.

கேள்வி: என்ன போதை என்றே தெரியாவிட்டால்?

நலோக்ஸோனைக் கொடுங்கள். ஓபியாய்டு இல்லையென்றால் மருந்து கேட்காது, கெடுதலும் செய்யாது. மூச்சு கொடுப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: வீட்டில் வைத்துக்கொள்ள மருந்துச் சீட்டு வேண்டுமா?

மூக்கு ஸ்பிரேவுக்கு வேண்டாம், 2023 முதல் சீட்டில்லாமலே கிடைக்கிறது.

கேள்வி: அண்ணனின் வலி மாத்திரையைக் குறைப்பது எப்படி?

அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.