இரவுப் படகில் டேஷ்போர்டு வெளிச்சம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என்னிடம் 19 அடி ஃபைபர் படகு இருக்கிறது. லாசரஸ், செயின்ட் ஜான்ஸ் தீவுப் பக்கம் மீன் பிடித்துவிட்டு ஏழரைக்கு மேல் திரும்பினால், மீட்டர்களின் வெளிச்சம் முன் கண்ணாடியில் அப்படியே விழுகிறது. கண்ணாடிக்கு அப்பால் ஒன்றும் தெரிவதில்லை. அந்த விளக்கை அணைத்தால் வெளியே இருக்கும் சிவப்பு, பச்சை விளக்குகளும் சேர்ந்து அணைந்துவிடுகின்றன. என்னதான் செய்வது?
- வாசகர், தெலுக் பிளாங்கா

பதில்: கடைசியில் சொன்னீர்களே, அதிலிருந்தே தொடங்குவோம். சின்னப் படகுகளில் பெரும்பாலும் ஒரே சுவிட்ச்தான் இரண்டுக்கும். சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை நேவிகேஷன் விளக்குகள், அதாவது வெளியே இருக்கும் சிவப்பு, பச்சை, வெள்ளை விளக்குகள், எரிய வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. ஆகவே அணைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். மீட்டர்களுக்குப் போகும் கிளை வயரில் மட்டும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வைக்க வேண்டும்.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, டேஷ்போர்டின் பின்பக்கம் பாருங்கள். அமெரிக்க முறைப்படி வயரிங் செய்த படகுகளில் நேவிகேஷன் விளக்குக்குச் சாம்பல் நிற வயரும், மீட்டர் விளக்குக்குக் கருநீல வயரும் இருக்கும். பழைய உரிமையாளர் கையில் கிடைத்த வயரைப் போட்டிருக்கவும் கூடும். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டர் வைத்துச் சரிபாருங்கள். வயர் முதல் மீட்டரைத் தொடுவதற்குச் சற்று முன்னால், கிளை பிரிந்த பிறகு, டிம்மரைச் சேருங்கள். கிளை பிரிவதற்கு முன்னால் வைத்துவிட்டால் வெளி விளக்குகளும் சேர்ந்து மங்கும். 12 மீட்டருக்குக் குறைவான படகில் பக்க விளக்குகள் 1 கடல் மைலுக்கும், வெள்ளை விளக்கு 2 கடல் மைலுக்கும் தெரிய வேண்டும். அவை மங்கியது ஸ்டியரிங்கில் நிற்பவருக்குத் தெரியவே தெரியாது. எதிரே வரும் இழுவைப் படகுக்காரருக்குத்தான் தெரியும்.

இழை பல்பு என்றால் 5 மீட்டருக்கும் சேர்த்துச் சுமார் 1 ஆம்பியர் ஓடும். 12 வோல்ட், 3 ஆம்பியர் தாங்கும் பிடபிள்யூஎம் டிம்மர் (விளக்கை வேகமாக அணைத்து ஏற்றி மங்கலாக்கும் வகை) தாராளம். மின்சாரம் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். வயர் வெள்ளீயம் பூசிய செம்பாக, 1.5 சதுர மில்லிமீட்டர் கனத்தில் இருக்கட்டும். முறுக்கி டேப் சுற்றும் வேலை கடலில் நிற்காது, உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். இணைப்பை இடுக்கியால் நசுக்கி கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். பக்கத்தில் திசைகாட்டி இருந்தால், போகிற வயரையும் வருகிற வயரையும் ஒன்றோடொன்று முறுக்கியே கொண்டு போங்கள். தனித்தனியாக ஓடினால் முள் விலகும்.

டிம்மர் வைத்த பிறகும் கொஞ்சம் பிரதிபலிப்பு மிஞ்சும். சாய்ந்திருக்கும் கண்ணாடி, கீழே இருந்து மேல்நோக்கி வரும் எந்த வெளிச்சத்தையும் உங்கள் கண்ணுக்கே திருப்பிவிடுகிறது. வெள்ளை ஃபைபர் மேல்தளமும் அதில் ஒரு வெண்திரைபோல விழும். இதற்கு இரண்டு வேலை. ஒன்று, பளபளப்பில்லாத கறுப்பு வெல்வெட் துணியைத் தளத்தின் அளவுக்கு வெட்டி வெல்க்ரோவில் ஒட்டிக்கொள்வது. பகலில் கழற்றிவிடுங்கள், நம்மூர் வெயிலில் கறுப்பு கொதிக்கும். இரண்டாவது, மீட்டர்களுக்கு மேலே ஒரு கூரை. முதலில் அட்டையில் செய்து பாருங்கள். இருட்டில் நீங்கள் ஸ்டியரிங்கில் இருக்க, இன்னொருவர் அட்டையை மெல்ல முன்னே நகர்த்தட்டும். கண்ணாடியில் பிம்பம் மறையும் இடத்தில் கோடு போடுங்கள். உட்கார்ந்து ஒரு முறை, நின்று ஒரு முறை. நின்று ஓட்டும்போது கூரை மீட்டரின் மேல் பாதியை மறைத்தால் அரை அங்குலம் குறைக்கலாம். அளவு சரியானதும் 3 மில்லிமீட்டர் கறுப்பு பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிக்கொள்ளுங்கள். திசைகாட்டிக்கு அருகே சாதாரண இரும்புத் திருகு வேண்டாம்.

கண்ணாடியில் காய்ந்த உப்பும் ஒரு காரணம். புலாவ் புக்கோம் சுத்திகரிப்பு ஆலையின் ஒவ்வொரு விளக்கையும் அது சிதறடித்து நட்சத்திரமாக்கிவிடும். கிளம்பும் முன் நல்ல தண்ணீர் ஊற்றி மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். அக்ரிலிக், பாலிகார்பனேட் கண்ணாடியானால் அம்மோனியா கலந்த கிளீனரைத் தொடாதீர்கள், மயிரிழை வெடிப்பு விழும்.

வெளிச்ச அளவை மரினாவிலேயே வைத்துக் கிளம்பாதீர்கள். அங்கே உள்ள விளக்குகளுக்கு நடுவில் சரியாகத் தோன்றும் அளவு வெளியே போனதும் அதிகமாகிவிடும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். கைப்பேசியை ஒரு முறை பார்த்தால் அவ்வளவும் போச்சு. வெளியே போய்க் கொஞ்ச நேரம் கழித்து டிம்மரை அடிமட்டத்துக்கு இறக்கி, எண்கள் படிக்க வரும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். பாசிர் பாஞ்சாங் துறைமுக வெளிச்சம் இருக்கும் வரை இங்கே முழு இருட்டு கிடைக்காதுதான். ஆனால் அந்த வெளிச்சத்துக்கு எதிரே விளக்கில்லாத மிதவையோ மிதக்கும் மரக்கட்டையோ நிழலாகத் தெரிய, உங்கள் பக்கம் இருட்டாக இருந்தாக வேண்டும்.

கேள்வி: டேஷ்போர்டில் சிவப்பு செலஃபேன் தாள் ஒட்டினால் போதும் என்கிறார் நண்பர். சரியா?
- வாசகர், பொங்கோல்

பதில்: பாதி சரி. இருட்டில் வேலை செய்யும் கண் செல்களுக்கு 507 நானோமீட்டர் அருகே, நீலப்பச்சையில்தான் உணர்வு அதிகம்; ஆழ்ந்த சிவப்பு அவற்றை அவ்வளவாகத் தொடாது. ஆனால் பளிச்சென்ற சிவப்பும் கண்ணாடியில் பிரதிபலிக்கத்தான் செய்யும். நிறத்தைவிட அளவுதான் முக்கியம், முதலில் மங்கலாக்குங்கள்.

சிவப்பால் வரும் சிக்கலையும் நண்பரிடம் சொல்லுங்கள். வெப்ப மீட்டரின் சிவப்புப் பகுதி சிவப்பு வெளிச்சத்தில் காணாமல் போகும். அச்சிட்ட வரைபடத்தில் சிங்கப்பூர் நீரிணையின் கப்பல் தடங்கள் மெஜந்தா (கருஞ்சிவப்பு கலந்த ஊதா) நிறத்தில் இருக்கின்றன. அந்தக் கோடுகளும் மங்கிவிடும். ஆயில் பிரஷர், என்ஜின் சூடு எச்சரிக்கை விளக்குகளை எதைக்கொண்டும் மூடாதீர்கள். மிகவும் கூசினால் சாம்பல் நிற டின்ட் ஃபிலிம் ஒரு அடுக்கு போதும். அப்போதும் அவை எரிவது தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு டார்ச் இருந்தால் கீழே தாழ்த்தியே பிடியுங்கள். வெளியே தெரிந்தால் அடுத்த படகுக்காரர் அதை உங்கள் இடப்பக்க விளக்கென்று எடுத்துக்கொள்வார்.

கேள்வி: மீட்டர் பல்புகளை எல்இடிக்கு மாற்றினேன். பழைய திருகு குமிழ் இப்போது வேலை செய்யவில்லை. புது டிம்மர் போட்டால் ரேடியோவில் இரைச்சல்.
- வாசகர், ஈசூன்

பதில்: பழைய குமிழ் ஒரு மாறு மின்தடை. அதில் 1 ஆம்பியர் ஓடியபோது வோல்ட் நன்றாக இறங்கியது. எல்இடி 5 சேர்ந்தும் 100 மில்லிஆம்பியர் எடுத்தால், 10 ஓம் தடையில் குறைவது 1 வோல்ட்தான். அதனால்தான் மங்கவில்லை.

இரைச்சல் பிடபிள்யூஎம் டிம்மர் வேகமாக அணைத்து ஏற்றுவதால் வருவது. ரேடியோவை 16ஆம் சேனலில் வைத்து, பின்னணி இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழை முழுவதும் திறந்து, டிம்மரைத் திருப்பிப் பாருங்கள். இரைச்சலின் தன்மை மாறினால் குற்றவாளி அதுதான். டிம்மரை ஆன்டெனா கேபிளிலிருந்து தள்ளி வையுங்கள், வயரைக் குட்டையாக்கி முறுக்குங்கள், இரு பக்கமும் இரைச்சலை உறிஞ்சும் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். வளையங்கள் சிம் லிம் டவர் உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். எதற்கும் அடங்காவிட்டால் படகுக்கென்றே செய்த, வடிகட்டியுள்ள டிம்மர்தான் வழி. எல்இடி வாங்கும்போது நீலச்சாயல் வெள்ளையைத் தவிர்த்து மஞ்சள்சாயல் உள்ளதை எடுங்கள்.

கேள்வி: டேஷ்போர்டு சரியாக இருக்கிறது. பின்னால் கம்பத்தில் எரியும் வெள்ளை விளக்குதான் தளத்தையெல்லாம் வெளிச்சமாக்குகிறது.
- வாசகர், பாசிர் ரிஸ்

பதில்: கம்பம் குட்டையாக இருக்கும். விதிப்படி அந்த விளக்கு பக்க விளக்குகளைவிடக் குறைந்தது 1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்; நின்று ஓட்டுபவர் தலைக்கும் மேலே போனால் இன்னும் நல்லது. விளக்கின் அடியில் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள கறுப்புத் தட்டு ஒன்று மாட்டுங்கள். கிடைமட்டத்துக்குக் கீழே 7.5 டிகிரி வரை, தேவையான ஒளியில் 60 விழுக்காடாவது வெளியே போக வேண்டும். தட்டை ஒளிமூலத்துக்கு 1 சென்டிமீட்டர் கீழே வைத்தால் அது தடைபடாது, தளத்தில் விழும் வெளிச்சமும் நின்றுவிடும். முன்பக்கக் கைப்பிடிக் கம்பி சிவப்பும் பச்சையுமாக மின்னினால், உங்களை நோக்கிய பக்கத்தில் மட்டும் மேட் கறுப்பு டேப் சுற்றுங்கள்.

கேள்வி: இரவில் நன்றாக இருந்த சார்ட்பிளாட்டர் (கடல் வரைபடம் காட்டும் திரைக் கருவி) காலையில் கறுப்பாகக் கிடக்கிறது. பழுதா?
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: பெரும்பாலும் இல்லை. இரவு வண்ணத்திலும் குறைந்த ஒளியிலும் அப்படியே விட்டிருப்பீர்கள்; வெயிலில் திரை கறுப்பாகத்தான் தெரியும். துண்டைத் தலைமேல் போட்டு மறைத்துக்கொண்டு பவர் பட்டனை லேசாகத் தட்டுங்கள், பெரும்பாலான கருவிகளில் ஒளி அளவு மெனு வரும். அழுத்திப் பிடித்தால் கருவி அணைந்துவிடும்.